கேமரா பார்க்காத குழி

அன்றைய கூட்டத்துக்கு வந்திருந்தவர்களும் அவர்கள் உட்கார்ந்த இடமும் பின்வருமாறு.

இடம், ராசிபுரத்தில் பழைய நெய் மண்டிக்கு மேல்மாடியில் இயங்கும் களப்பணிக் காட்சிச் சான்று அலுவலகம். மேசைக்குப் பின்னால், முதுகில் பூத்துண்டு விரித்த சுழல் நாற்காலியில், காட்சிச் சான்று அலுவலர் நவநீதகிருஷ்ணன். அவருக்கு வலப்பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியில் கருவிப் பொறுப்பாளர் குணசீலன். சன்னலோரம், கைப்பிடி உடைந்த நாற்காலியில், டிராக்டர் வைத்து ஒப்பந்த வேலை செய்யும் சென்னிமலை. செருப்பு விடும் இடத்துக்கு இப்பால், முக்காலியில், மேட்டுக்காட்டுப்புதூர் அங்கன்வாடி டீச்சர் வசந்தாமணி.

இவர்கள் எல்லோரையும்விட நல்ல இடம் கேமராவுக்குக் கிடைத்திருந்தது. மேசையின் நடுவில், சரிகை ஓரம் வைத்த வெல்வெட் திண்டின் மேல் அது உட்கார்ந்திருந்தது. தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிது. நெஞ்சில் கட்டலாம், தலையில் மாட்டலாம், தண்ணீருக்குள் இறக்கலாம் என்று சொல்லி வாங்கிய சாமான். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் அதன் மேல் காய்ந்து வெடித்திருந்தன.

கூட்டத்தின் பொருள், அங்கன்வாடிக் கொல்லையில் திறந்து கிடக்கும் ஆழ்துளைக் குழியை மூடுவது.

அந்தக் குழி வந்த விதம் சுருக்கமானது. அங்கன்வாடிக்குத் தண்ணீர் எடுக்க ரிக் வண்டி வந்து துளை போட்டது. புழுதி வந்ததே தவிரத் தண்ணீர் வரவில்லை. மண் சரியாமல் இருக்க இறக்கியிருந்த குழாயையும் உருவிக்கொண்டு வண்டிக்காரர்கள் அடுத்த ஊருக்குப் போய்விட்டார்கள். குழந்தைகள் கழிப்பறைக்குப் போகும் தடத்தின் நடுவில் ஒரு சோற்றுத் தட்டு அகலத்துக்கு இருட்டு மிஞ்சியது. ஐப்பசி மழையில் வாய் இடிந்து இடிந்து இப்போது அது அண்டா அகலத்துக்கு வந்திருந்தது.

மூடுவதற்கு ஜல்லியும் மண்ணும் சென்னிமலையின் டிரெய்லரில் ஏற்றித் தயாராக நின்றன. ஆனால் புது ஆணை ஒன்று இருந்தது. கேமரா பார்க்காமல் எந்த அரசு வேலையும் நடக்கக் கூடாது. மூடுமுன் இருந்த நிலை, மூடும் நிலை, மூடிய பின் உள்ள நிலை, மூன்றும் பதிய வேண்டும். பதியாத வேலை செய்யாத வேலை.

"உங்க மனுவப் படிச்சேன்," என்றார் நவநீதகிருஷ்ணன். "கையெழுத்து முத்து முத்தா இருக்குது. ஆனா 'குழந்தைகள் விழும் அபாயம் உள்ளது'ன்னு எழுதியிருக்கீங்க. எங்க பதிவுல அப்படியொரு குழியே இல்லீங்களே."

"இருக்குதுங்க சார். நான் தெனமும் பாக்கறனுங்க."

"நீங்க பாத்தீங்க. யாரு இல்லைங்கறா. கேமரா பாக்கல."

"சாரு ஒருக்கா நேர்ல வந்து பாத்தீங்கன்னா..."

"நான் பாத்தா அது நான் பாத்தது. நாளைக்கு மேலிடத்துல கேட்டா எதக் காட்டுவேன்? கண்ணத் தோண்டியா காட்ட முடியும்?"

"அப்ப அந்தக் கேமராவ எடுத்துட்டு வாங்க சார்."

குணசீலன் தொண்டையைச் செருமினார். ஆயுத பூஜை முடிந்ததிலிருந்து அதில் சார்ஜ் ஏறவில்லை என்றார். சார்ஜரை மாற்றிப் பார்த்தார்கள். ஒயரை மாற்றிப் பார்த்தார்கள். கம்ப்யூட்டரில் செருகிப் பார்த்தார்கள். எலக்ட்ரீசியனை வரவழைத்துச் சுவரை உடைத்து பிளக் பாயிண்டையே புதிதாகப் போட்டார்கள். வெள்ளிக்கிழமை நல்ல நேரத்தில் செருகித் திங்கட்கிழமை வரை விட்டும் பார்த்தார்கள். சிவப்பு விளக்கு எரியவே இல்லை.

வசந்தாமணி முக்காலியிலிருந்தே பார்த்தாள். சார்ஜ் ஒயர் செருகும் ஓட்டை முழுக்கச் சந்தனம், சொத்தைப் பல்லை அடைத்தது போல. அது தெரிவதற்குத் தனிக் கண் வேண்டியதில்லை. அந்த அறையில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

"சார், ஓட்டைக்குள்ள சந்தனம் அடைச்சிருக்குதுங்களே."

"இருக்குது," என்றார் குணசீலன். "பேட்டரி மாட்டற எடத்துலயும் இருக்குது. பூஜைக்குப் பொட்டு வெக்கறப்ப உள்ளுறுப்பு எதையும் விட்டுறக் கூடாதுன்னு சாரு சொன்னாங்க."

வசந்தாமணி முந்தானையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி நீட்டினாள். "நோண்டுனா வந்துருமுங்க."

நவநீதகிருஷ்ணன் கையை உயர்த்தினார். "பூட்டி முத்திரை வெச்ச அரசுக் கருவிம்மா இது. சார்ஜ் போடற மூடியத் தொறக்கறதுக்கு விலக்கு இருக்குது. சுரண்டறதுக்கு விலக்கு இல்ல. சுரண்டறதா இருந்தா, சுரண்டறதக் கேமராவுல பதிவு பண்ணோணும்."

"எந்தக் கேமராவுலைங்க?"

"அலுவலகக் கேமராவுல."

நான்கு பேரும் வெல்வெட் திண்டைப் பார்த்தார்கள்.

"அதுக்குத்தான் ரெண்டாவது கேமராவுக்கு எழுதியிருக்கோம்," என்றார் அவர், ஒரு பெரிய கஷ்டத்தைத் தீர்த்துவைத்த முகத்தோடு.

"அதுவரைக்கும் குழிங்க?" என்றார் சென்னிமலை.

"முன்நிலையில இருக்கும். ஆங், இன்னொண்ணு டீச்சர். குழி மேல கல்லு வெச்சிருக்கீங்களாமே."

"ஆமாங்க. பலகைக் கல்லு. நாலு பேரு புடிச்சுத் தூக்கி வெச்சோமுங்க."

"எடுத்துருங்க. மூடுன குழிய நாங்க மறுபடி மூடுனதாக் காட்டுனா தணிக்கையில கேள்வி வரும். முன்நிலைன்னா தொறந்துதான் கெடக்கோணும்."

"புள்ளைங்க நடக்கற தடமுங்க சார்."

"சுத்தியும் நாடா கட்டச் சொல்றேன். பயப்படாதீங்க. ஏதாச்சும் ஆயிப்போச்சுன்னா நாங்க சும்மா இருக்க மாட்டோம். விசாரணைக்குத் தனி ஒதுக்கீடு இருக்குது. அதுல அன்னிக்கே வாடகைக் கேமரா எடுத்துக்கலாம்."

வசந்தாமணி ஊக்கைத் திரும்ப முந்தானையில் குத்திக்கொண்டாள். பார்க்காமல் குத்தியதில் விரலில் ஏறியது.

கல்லை எடுத்தார்கள். சிவப்பும் வெள்ளையுமாக நாடா கட்டினார்கள். குழந்தைகளுக்கு நாடா மிகவும் பிடித்துப்போயிற்று. யாருக்கோ பிறந்தநாள் என்று நினைத்துக்கொண்டார்கள். ஓலைப்பட்டாசு மாதிரி காற்றில் அது படபடக்கும்போதெல்லாம் கிட்டப் போய்த் தொட்டுவிட்டு ஓடி வந்தார்கள். பிள்ளைகளை வீட்டில் வைத்துக்கொள்ளச் சொல்லிப் பார்த்தாள் வசந்தாமணி. அம்மாமார் எல்லாம் கிழங்கு மில்லுக்கும் கோழிப் பண்ணைக்கும் போகிறவர்கள். ஊட்டில யாருங்க டீச்சர் பாத்துக்குவாங்க என்றார்கள்.

அவள் தன் நாற்காலியைக் கொல்லைக் கதவுக்கு மாற்றிக்கொண்டாள். ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் தலையை எண்ணினாள். ஒருநாள் எண்ணிக்கை குறைந்தது. கனிஷ்கா என்கிற நாலு வயதுப் பிள்ளை நாடாவுக்கு உள்ளே குந்த வைத்து உட்கார்ந்து, சிறு கல்லாகப் பொறுக்கிக் குழிக்குள் போட்டுக்கொண்டிருந்தாள். போட்டுவிட்டுக் காது கொடுத்துக் கேட்டாள்.

வசந்தாமணி கத்தவில்லை. கத்தினால் திடுக்கிட்டுத் திரும்புவாள். மெல்லப் போய் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள்.

"என்ன சாமி பண்ற இங்க?"

"கல்லு போட்டா சத்தமே வரமாட்டேங்குது டீச்சர். கீழ யாரோ வாங்கிக்கறாங்க."

அன்று மாலை வசந்தாமணி அடுத்த மனுவை எழுதினாள். நாமகிரிப்பேட்டைப் பள்ளியில் தமிழய்யா சொல்லிக் கொடுத்த அமைப்பு மாறாமல் அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை. எழுத்து மட்டும் முத்தாக வரவில்லை.

இரண்டாவது கேமரா கார்த்திகையில் வந்தது. சேலத்தில் கேமராக் கடை வைத்திருக்கும் ரஹமத்துல்லா அதைத் தாமே பையில் போட்டு பஸ்ஸில் கொண்டுவந்தார். தகவல் தெரிந்து வசந்தாமணியும் அலுவலகத்துக்குப் போனாள். அங்கே தேங்காய் உடைக்கத் தயாராக இருந்தது.

ரஹமத்துல்லா சார்ஜ் ஓட்டையைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டார். "சார், நீங்க என்ன வேணா பூஜை பண்ணுங்க. ஓட்டை மட்டும் வேணாம். நெத்தியில வைங்க, போதும்."

குணசீலன் வைத்தார். வைத்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தார்.

"கண்ணுல வெச்சுட்டீங்க," என்றார் ரஹமத்துல்லா.

"நெத்தி எதுன்னு தெரியலைங்க பாய்."

லென்ஸின் நடுவில் குங்குமம். துடைக்கலாமா என்று யோசித்து, சாமிக்கு வைத்ததைத் துடைக்க வேண்டாம் என்று தீர்மானமாயிற்று. அன்றைக்குப் பதிவானது முழுவதும் நடுவில் ஒரு சிவப்புக் கறையோடு இருந்தது. அலுவலக டிவியில் போட்டுப் பார்த்தபோது எல்லோருக்கும் முகம் இருக்கும் இடத்தில் ரத்தம் மாதிரி தெரிந்தது. மங்களகரமாக இருக்கிறது என்றார் நவநீதகிருஷ்ணன். பிறகு அது தானாக உதிர்ந்துபோனது.

இரண்டாவது கேமரா வந்துவிட்டபடியால் முதல் கேமராவின் தேவை முடிந்தது என்றும், தேவையில்லாத கருவியைச் சுரண்டுவதற்கு அனுமதி இல்லை என்றும் குறிப்பு எழுதி, அதைச் சந்தனத்தோடு பீரோவில் வைத்துப் பூட்டினார்கள்.

"சார், அப்ப நாளைக்குக் குழிக்கு வந்துருவீங்களா?" என்று வசந்தாமணி கேட்டாள்.

குணசீலன் கேமராவின் சின்னத் திரையைக் காட்டினார். மெமரி கார்டு நிறைந்துவிட்டது என்று எழுத்து ஓடியது. கார்டை வெளியே எடுத்து, வேட்டியில் துடைத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு மறுபடியும் போட்டார். மறுபடியும் அதே எழுத்து.

"நிறையாம என்ன பண்ணும்," என்றார் ரஹமத்துல்லா. "இருக்கறதுலயே பெரிய தரத்துல வெச்சுப் பூஜை, பேச்சு, சாப்பாடு எல்லாத்தையும் எடுத்துட்டீங்க. கம்ப்யூட்டர்ல ஏத்திக்கிட்டு, கார்ட இதுலயே போட்டு அழிச்சுருங்க. நிமிசத்துல முடிஞ்சுரும்."

நவநீதகிருஷ்ணன் முகம் மாறியது. "அழிக்கறதா? நான் பேசுனது பாய் அது. 'மக்கள் உயிர்தான் எங்களுக்கு முதல்'னு ஒரு எடம் வருது அதுல. அத அழிச்சுட்டுக் குழியப் பதிவு பண்ணச் சொல்றீங்களா?"

யாரும் அப்படிச் சொல்லவில்லை.

புது கார்டுக்கு எழுதினார்கள். அது வருவதற்குள் இன்னொரு மழை பெய்தது. நாடா கட்டிய குச்சிகளில் ஒன்று குழிக்குள் போயிற்று. மற்றவற்றைத் தள்ளி நட்டார்கள்.

கார்டு வந்த பின் அலுவலகம் குழியை நோக்கிப் புறப்பட்டது. நெஞ்சில் பட்டை பட்டையாக வார் கட்டி, நடுவில் கேமராவைப் பொருத்திக்கொண்டு, நவநீதகிருஷ்ணன் ஜீப்பில் ஏறினார். வசந்தாமணி குழந்தைகளை முன்னறையில் அடைத்து வைத்துவிட்டுக் காத்திருந்தாள். சென்னிமலை டிராக்டரை ஓட்டி வந்து நிறுத்தினார். ஜீப் வரவில்லை. அடுத்த வாரமும் புறப்பட்டது என்றார்கள். வரவில்லை. அதற்கடுத்த முறை அவளால் பொறுக்க முடியவில்லை. அங்கன்வாடி ஆயாவைக் காவல் வைத்துவிட்டு, டவுன் பஸ் ஏறி ஜீப் வரும் வழியே எதிரில் போனாள்.

பாதி வழியில் புளியமரத்தடியில் பெருமாயியின் டீக்கடை. ஜீப் அங்கே நின்றிருந்தது. பெருமாயி யாரும் கேட்காமலே இரண்டு டீயை ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"சாரு வந்துட்டாருன்னா பேட்டரி தீந்துருச்சுன்னு அர்த்தமுங்க," என்றாள் வசந்தாமணியிடம். "ஒவ்வொருக்காவும் சொல்லி வெச்ச மாதிரி இந்த மரத்துக்கிட்டத்தான் தீருது. குடிச்சுப்போட்டுத் திரும்பிருவாங்க."

"ஏனுங்க சார், குழிகிட்ட வந்து ஆன் பண்ணக் கூடாதுங்களா?" என்று வசந்தாமணி நவநீதகிருஷ்ணனிடம் கேட்டாள். "ரஹமத்துல்லா பாய் அப்படித்தானுங்களே சொன்னாரு. அந்த வைபையும் திரையும் ஆப் பண்ணி வெச்சா இன்னும் ரொம்ப நேரம் வருமாமுங்க."

"திரைய அணைச்சா நான் எப்படித் தெரியறேன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார் அவர். கைபேசியில் கேமரா காட்டுவதைப் பார்த்தபடியேதான் அவர் பயணம் செய்வது வழக்கம். "அலுவலக வாசப்படியில ஆரம்பிச்சுக் குழி வரைக்கும் பதிவு அறுபடாம வரோணும். நடுவுல அறுந்தா, வேற ஊருக் குழிக்குப் போயிட்டாங்கன்னு சொல்லுவாங்க."

"பவர் பேங்க்குன்னு ஒண்ணு..."

"வெளிக் கரண்டு ஏறுனா அது கலப்படப் பதிவு."

"இங்கிருந்து பாத்தாலே எங்க ஊருக் கோயில் தெரியுதுங்க சார்."

"தெரியுது. பேட்டரிக்குத் தெரியலையே." டீயை உறிஞ்சினார். "குழிய இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கமாப் போட்டிருந்தாங்கன்னா இந்தத் தொந்தரவே இல்ல. இப்ப அத நகத்த முடியாது. அத நானும் ஒத்துக்கறேன்." பிறகு டம்ளரை வைத்துவிட்டு, வசந்தாமணிக்கு இன்றைக்கும் நினைவிருக்கும் அந்த வார்த்தையைச் சொன்னார். "அலுவலகத்த நகத்தலாம்."

தை பிறந்ததும் களப்பணிக் காட்சிச் சான்று அலுவலகம் மேட்டுக்காட்டுப்புதூர் அங்கன்வாடிக் கட்டடத்துக்கு மாறியது. இனி அலுவலக வாசப்படிக்கும் குழிக்கும் இடையே பேட்டரிக்கு வேலையே இல்லை. இடமாற்றத்துக்குப் பின் அமர்ந்திருந்தவர்களும் இடமும் வருமாறு. முன்னறையில், குழந்தைகள் படுத்துத் தூங்கும் இடத்தில், சுழல் நாற்காலியில் நவநீதகிருஷ்ணன். சத்துமாவு மூட்டை இருந்த மூலையில் பீரோ. எழுத்துப் பலகைக்குக் கீழே குணசீலன். முத்திரை வைத்த கருவிகள் இருக்கும் அறைக்குள் வெளியாட்களுக்கு அனுமதி இல்லை என்பதால் குழந்தைகள் கொல்லையில், தார்ப்பாயின் கீழ். தார்ப்பாய்க்கும் நாடாவுக்கும் நடுவில் நாற்காலி போட்டு, குழிக்கு முதுகைக் காட்டியபடி, வசந்தாமணி. நாற்காலியின் பின்னங்கால்கள் நாடாவை ஒட்டியே இருந்தன. மண் சரிந்தால் முதலில் நாற்காலிதான் போகும் என்று பார்த்தே போட்டிருந்தாள்.

மழை இல்லாத நாளிலும் முதுகுக்குப் பின்னால் மண் உதிரும் சத்தம் கேட்டது. உதிர்ந்தது எங்கும் போய் விழுந்த சத்தம் மட்டும் கேட்கவில்லை. அலுவலகம் செட்டாக வேண்டும், பெயர்ப்பலகை எழுத வேண்டும், பொங்கல் விடுமுறை முடிய வேண்டும் என்று பதிவு தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. குழிக்குப் பக்கத்திலேயே இருந்தும் நவநீதகிருஷ்ணன் ஒருமுறைகூடக் கொல்லைக் கதவைத் திறந்து எட்டிப் பார்க்கவில்லை. பதிவுக்கு முன்னால் பார்ப்பது முறையல்ல என்றார்.

ஒருவழியாக அந்த நாள் வந்தது. பேட்டரி நிறைந்திருந்தது. கார்டு காலியாக இருந்தது. லென்ஸில் குங்குமம் இல்லை. ஒரு நீளக் குச்சியின் நுனியில் கேமராவை மாட்டிக்கொண்டு குணசீலன் முன்னே வந்தார். அதன் நெற்றியில் சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிந்தது. டிரெய்லருக்குப் பக்கத்தில் சென்னிமலை மண்வெட்டியோடு நின்றார்.

நவநீதகிருஷ்ணன் கைபேசித் திரையில் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "வெறும் குழியாத் தெரியுதே. இத எதுக்கு மூடுனீங்கன்னு கேட்டா? பயனாளிங்க பிரேமுக்குள்ள வரோணும். டீச்சர், புள்ளைங்களச் சுத்தி நிக்க வைங்க."

வசந்தாமணி நகரவில்லை.

"விளிம்புல வேண்டாம். விளிம்புக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம். அந்தச் சின்னப் பாப்பா எட்டிப் பாக்கற மாதிரி நின்னா அபாயம் நல்லாத் தெரியும்."

கனிஷ்கா டீச்சரின் சேலைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தாள்.

"மாட்டனுங்க சார்."

"டீச்சர், நான் புள்ளைங்களோட நல்லதுக்குத்தான் சொல்றேன். அபாயம் பதிவாகலைன்னா அபாயமே இல்லைன்னு ஆயிரும். அப்புறம் ஆயுசுக்கும் மூட முடியாது."

"நான் வேணா நிக்கறனுங்க. நானும் அபாயத்துல இருக்கறவதானுங்க."

அவர் யோசித்தார். உயரம் அதிகம், பயனாளி மாதிரி இல்லை என்றார். சரி, ஆழத்தையாவது முதலில் எடுப்போம் என்று குணசீலனுக்குச் சைகை காட்டினார். குணசீலன் நாடாவைத் தாண்டி, குச்சியைக் குழிக்குள் இறக்கினார். இன்னும், இன்னும் என்றார் நவநீதகிருஷ்ணன் திரையைப் பார்த்தபடி. குணசீலனின் காலடியில் ஒரு சாப்பாட்டுத் தட்டளவு மண் சத்தமில்லாமல் உள்ளே போனது. அவர் பின்பக்கமாக விழுந்தார். சென்னிமலை சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துப் போட்டார்.

குச்சி கையில் இல்லை.

எட்டிப் பார்த்தார்கள். கீழே, மூன்று ஆள் ஆழத்தில், குச்சி சாய்வாகச் சிக்கி நின்றது. அதன் நுனியில் கேமரா மேலே பார்த்தபடி இருந்தது. சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிந்துகொண்டிருந்தது.

அதற்குப் பிறகு அந்த அலுவலகத்தின் வேகத்தை வசந்தாமணி முதன்முறையாகக் கண்டாள். "எல்லாரும் தள்ளிப் போங்க. புள்ளைங்கள இங்க யாரு உட்டது? கால் பட்டா மண்ணு அது மேல விழும்," என்று நவநீதகிருஷ்ணன் குழந்தைகளை எல்லாம் முன்னறைக்குத் துரத்தினார். தீயணைப்புக்குச் சொல்லு என்றார். இரும்பு வேலி வேண்டும், ராத்திரி பகல் காவல் வேண்டும், சேலத்திலிருந்து பெரிய மெஷின் வேண்டும் என்றார். கைபேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மேலிடத்தில் பேசியபோது அவர் குரல் தழுதழுத்தது. "உள்ள விழுந்துருச்சுங்க ஐயா. உசுரோடதான் இருக்குது. லைட்டு எரியுது."

குணசீலனுக்குச் சிராய்த்த முழங்கையில் ரத்தம் வந்துகொண்டிருந்தது. அதை யாரும் கேட்கவில்லை.

தீயணைப்பு, வேலி, காவல், மெஷின் எதுவானாலும் எழுதிக் கொடுத்த பிறகுதான் வரும், அதனால் அரசுக் கருவி இழப்பை அன்று மாலைக்குள் நேரில் போய் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று மேலிடத்தில் சொன்னார்கள். பார்த்த சாட்சியும் கூட வர வேண்டும். நவநீதகிருஷ்ணனும் குணசீலனும் ஜீப்பில் ஏறினார்கள். வசந்தாமணி ஜீப் வரைக்கும் போனாள்.

"சார், ஒரு சந்தேகமுங்க. இப்பவும் அது ஓடிக்கிட்டுத்தான் இருக்குதுங்களா?"

"ஓடுது. கீழ குளிர்ச்சி, வைபை எட்டாது. அது பாட்டுக்கு ஓடும்."

"அப்ப இப்ப அது பாக்கறதும் பதிவுங்களா?"

"என்ன கேள்வி டீச்சர் இது. அலுவலக வாசப்படியில ஆன் பண்ணுனது. எங்கயும் அறுபடல. பேட்டரி தீர்றவரைக்கும் அது பணியிலதான் இருக்குது. அது பாக்கறது அத்தனையும் சட்டப்படி பதிவு." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "புது ஆணை வந்ததுலருந்து இதுதான் முழுசா அமைஞ்ச ஒரே பதிவு."

ஜீப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு புளியமரத்துப் பக்கம் போனது.

வசந்தாமணி கொல்லைக்குத் திரும்பி வந்தாள். ஆயாவிடம் கதவை உள்பக்கம் தாழ் போடச் சொன்னாள். நாற்காலியை இழுத்து அப்பால் வைத்துவிட்டு, குப்புறப் படுத்துத் தலையை மட்டும் குழிக்கு மேல் நீட்டினாள். கீழே இருட்டில் சிவப்புப் பொட்டு எரிந்தது, அணைந்தது, எரிந்தது. கல்லை வாங்கிக்கொள்கிறவர் யாரென்று கனிஷ்கா கேட்டால் இதைக் காட்டலாம் என்று தோன்றியது. உள்ளிருந்து ஈரக் காற்று முகத்தில் பட்டது.

"என் பேரு வசந்தாமணி," என்று குழிக்குள் சொன்னாள். "மேட்டுக்காட்டுப்புதூர் அங்கன்வாடிப் பணியாளர். இது முன்நிலை. குழி தொறந்திருக்குது. இப்ப மூடப்போறோம்."

எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டாள். "ஊத்துங்கண்ணா."

சென்னிமலை டிரெய்லரில் கை வைத்தபடி நின்றார். "டீச்சரம்மா, அரசாங்க சாமான் உள்ள இருக்குதுங்க."

"அரசாங்கம் பாக்கட்டும்னுதானுங்க இத்தன நாளாக் காத்துக்கிட்டு இருந்தோம். பாத்துக்கிட்டு இருக்குது. பேட்டரி தீர்றதுக்குள்ள ஊத்துங்க."

அவர் குழியைப் பார்த்தார். தாழ் போட்ட கதவுக்குப் பின்னால் குழந்தைகள் பாட்டுச் சொல்லும் சத்தம் கேட்டது. மண்வெட்டியை எடுத்தார். முதல் ஜல்லி விழுந்தபோதும் விளக்கு எரிந்தது. அடுத்ததிலும் எரிந்தது. பிறகு எப்போது அணைந்தது என்று இருவருக்கும் தெரியவில்லை. மேலே மண் வந்ததும் அவள் ஏறி நின்று மிதித்தாள். நெடுநேரம் மிதித்தாள்.

மறுநாள் எழுத உட்கார்ந்தாள். எழுத்து முத்தாக வந்தது.

அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை. ஐயா, மேற்படி ஆழ்துளைக் குழி விதிப்படி மூடப்பட்டது என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். மூடுமுன் இருந்த நிலையும் மூடும் நிலையும் தங்கள் அலுவலகக் கேமராவில் அறுபடாமல் பதிவாகியுள்ளன. மூடிய பின் உள்ள நிலை இருட்டாக இருக்கும். பதிவு மெமரி கார்டிலும், கார்டு கேமராவிலும், கேமரா குழியிலும் பத்திரமாக உள்ளன. பதிவைப் பார்வையிட வேண்டிக் குழியைத் தோண்டுவதாக இருந்தால், தோண்டுமுன் உள்ள நிலை, தோண்டும் நிலை, தோண்டிய பின் உள்ள நிலை ஆகிய மூன்றையும் அலுவலகக் கேமராவில் பதிய வேண்டும் என்ற விதியை நினைவூட்டுகிறேன். தற்சமயம் அலுவலகத்தில் இருப்பது பீரோவில் உள்ள முதல் கேமரா மட்டுமே. அதில் சார்ஜ் ஏறாது. இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள.

அலுவலகம் முன்னறையிலேயே இருந்தாலும் தபாலில் வராத கடிதம் வராத கடிதம் என்பதால், அதை எடுத்துக்கொண்டு தபாலாபீசுக்குப் போகும்போது கைபேசி அடித்தது. ரஹமத்துல்லா.

"டீச்சர், உங்களுக்குத் தெரியோணும்னு சொல்றேன். மூணாவது கேமராவுக்கு ஆர்டர் வந்திருக்குது. இந்தத் தடவ ரொம்ப அவசரமாம். கூடவே ரிக் வண்டி ஒண்ணு வாடகைக்குக் கெடைக்குமான்னும் விசாரிச்சாங்க. பக்கத்துல இன்னொரு குழி போட்டு, விழுந்த கேமராவ எடுக்கப் போறாங்களாம்."

வசந்தாமணி சாலையோரத்தில் நின்றுவிட்டாள். ஒரு முட்டை லாரி காற்றடித்துக்கொண்டு கடந்து போயிற்று.

"பாய், புதுக் கேமராவுக்கும் பூஜை போடுவாங்களா?"

"போடாம? நாள் பாத்தாச்சாம்."

"நீங்க போறீங்களா, கொண்டு குடுக்க?"

"இல்ல டீச்சர்," என்றார் ரஹமத்துல்லா. "நான் கூரியர்ல அனுப்பிடறேன். அன்னிக்கு எனக்கு வேற சோலி இருக்குது."

அவள் தபாலாபீசுக்குப் போகாமல் மாரியம்மன் கோயிலுக்குத் திரும்பினாள். பூசாரியிடம் குழைத்த சந்தனம் கேட்டாள். கொஞ்சம் கெட்டியாகவே குழைக்கச் சொன்னாள். வாழையிலைத் துண்டில் வாங்கி மடித்து, அதைப் பிளாஸ்டிக் காகிதத்தில் சுற்றி, நூலால் கட்டினாள். பிறகு தபாலாபீசுத் திண்ணையில் காகிதத்தை விரித்து, கையெழுத்துக்குக் கீழே ஒரு வரி சேர்த்தாள். இணைப்பு: புதிய கேமராவின் பூஜைக்கு, குழந்தைகள் சார்பில் அம்மன் பிரசாதம். உள்ளுறுப்பு எதையும் விட வேண்டாம்.

பொட்டலத்தையும் கடிதத்தையும் பெரிய உறையில் வைத்தாள். கோந்தை விரலால் தடவி, ஓரம் ஓரமாக அழுத்தி, எங்கும் இடைவெளி விடாமல் ஒட்டினாள்.

"உள்ள என்னங்க டீச்சர், மெத்துன்னு இருக்குது?" என்றார் கவுன்டரில் இருந்தவர்.

"சந்தனமுங்க," என்றாள். "ரிஜிஸ்தர்ல அனுப்பிருங்க."

அவர் முத்திரையை ஓங்கிக் குத்தி, உறையைப் பைக்குள் போட்டார்.